லயன் வீட்டின் உட்புறப் பழைய படம் தேடுகிறேன்

பல நாட்டு எளிய வீடுகளின் பழைய புகைப்படங்களை வைத்து, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளி நூலகத்தில் சிறு கண்காட்சி போடுகிறோம். கிளாஸ்கோ நகரின் ஏழைக் குடியிருப்புச் சந்துகளைத் தாமஸ் ஆனன் 1868 முதல் 1871 வரை எடுத்த படங்கள் கிடைத்துவிட்டன. 1936இல் அமெரிக்காவின் அலபாமாவில் வாக்கர் எவன்ஸ் எடுத்த குத்தகை விவசாயியின் சமையலறையும் இருக்கிறது. சுவரில் செருகிய கரண்டி வரை தெரிகிறது.

நம்ம மலையக லயன், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அது மட்டும் இல்லை.

கொழும்பு ஸ்டூடியோக்களின் பழைய தபால் அட்டைகளைப் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள், தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா எல்லாம் உண்டு. லயன் வந்தாலும் தூரத்தில் ஒரு தகரக் கூரை வரிசைதான். இணையத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடியாயிற்று. கிடைப்பவை பெரும்பாலும் 1980க்குப் பிந்தியவை. தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் கல்யாணப் படம் தருகிறார்கள், அதுவும் ஸ்டூடியோவில் எடுத்தது.

எனக்கு வேண்டியது காம்பராவின் (லயன் அறையின்) உள்ளே, அல்லது அடுப்பு வைத்த இஸ்தோப்பு (முன் தாழ்வாரம்). ஒரு குடும்பமே அந்த ஒற்றை அறைக்குள் எப்படிப் புழங்கியது என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மங்கிய படம், கிழிந்த படம் எதுவானாலும் சரி, ஸ்கேன் செய்து மூலத்தைத் திருப்பித் தருவேன்.

1950க்கு முந்திய அப்படியொரு படம் எந்த ஆவணக் காப்பகத்திலாவது, யார் வீட்டு ஆல்பத்திலாவது இருப்பது உங்களுக்குத் தெரியுமா?