பி சரா ஓவல், 2006: டீன் ஜோன்ஸ் சொன்னதும் திறந்து கிடந்த மைக்கும்

பொரளைப் பக்கம்
2006 ஆகஸ்ட் 7, கொழும்பு பி சரா ஓவலில தென்னாபிரிக்காவோட எங்கட இரண்டாவது டெஸ்ட், நாலாம் நாள். 352 துரத்துறம். சங்கக்கார அடிச்ச பந்தைத் தென்னாபிரிக்காவின்ட ஹஷிம் அம்லா பிடிக்கிறார். விளம்பரம் போயிட்டுது எண்டு நினைச்ச வர்ணனையாளர், பழைய அவுஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ், பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட் எண்டு சொல்றார். தென்னாபிரிக்காவில விளம்பரம் போகேல்லை. அங்க வீடு வீடாக் கேட்டது. அந்த மேட்சைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் மஹேலவின்ட 123ஐயும் ஒரு விக்கெட் வெற்றியையும்தான் சொல்லுவினம். எனக்கு நெருடுறது அந்தப் பிடி. 23 வயசுப் பொடியன் ஒழுங்காக் கேட்ச் பிடிச்சதுக்கு, தாடி வச்ச முஸ்லிம் எண்ட ஒரே காரணத்துக்காக அந்தப் பேர். அவரை வேலைக்கு வச்சிருந்த டென் ஸ்போர்ட்ஸ் சனல் உடனேயே ஜோன்ஸை வேலையால நிப்பாட்டினது.

சவுண்ட் டெஸ்க்
"மைக் ஓன்ல இருந்திட்டுது" எண்டு ஒரு வரியில முடிக்கிறது பிழை. எப்படி நடக்குது எண்டு பாருங்கோ.

மைதானத்தில இருந்து எல்லா நாட்டுக்கும் போறது ஒரே படமும் ஒலியும்தான், அதை உலக ஊட்டு (world feed) எண்டு சொல்லுவினம். அதை வாங்குற ஒவ்வொரு நாட்டுச் சனலும் தன்ர விளம்பரத்தைத் தானே செருகும். ஓவர் முடிஞ்சா இடைவெளி ஒரு நிமிசத்துக்கும் குறைவு. விக்கெட் விழுந்தா கூட நேரம் கிடைக்கும், புது ஆள் ஆடத் தயாராக 3 நிமிசம் வரை சட்டம் விடுது. ஆனா எல்லாச் சனலும் ஒரே செக்கனில வெட்டுறதில்லை, சிலது வெட்டுறதேயில்லை. வெட்டாத சனலில ரீப்ளே ஓடும், ஆட்டமிழந்தவர் நடந்து போறது தெரியும், வர்ணனைப் பெட்டியில கதைக்கிறதும் சேர்ந்து போகும்.

இதை நிப்பாட்ட ஓபி வானில, அதாவது மைதானத்தில நிக்கிற ஒளிபரப்பு வாகனத்தில, இருக்கிற ஒலிக்காரர் வர்ணனை ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கி, மைதானச் சத்தத்தை மட்டும் விடவேணும். பெட்டியில ஒருத்தர் கதைச்சுக்கொண்டிருந்தா, பாதி வசனத்தில வெட்டக்கூடாது எண்டு அவர் யோசிப்பார். அந்த ரெண்டு செக்கன் போதும்.

வெள்ளவத்தை 6
அண்ணா, அப்ப ஃபேடரை இறக்கியிருந்தா எல்லாம் சரியா? பக்கத்தில இருந்தவைக்குக் கேட்டிருக்கும்தானே. வாயில வந்தது மைக்கால வந்ததில்லை.

அது எந்த ஊர், எந்தக் காலம் எண்டதையும் பாருங்கோ. அடுத்த கிழமையே, ஆகஸ்ட் 14, கொழும்பில குண்டு வெடிச்சு, தென்னாபிரிக்கா முத்தரப்புத் தொடரை விட்டிட்டுப் போனது. தெருவுக்குத் தெரு அடையாள அட்டை காட்டின காலம். பெயரையும் முகத்தையும் வைச்சு ஆளைத் தீர்மானிக்கிறது இஞ்ச வெறும் பேச்சில்லை, ஆளை இறக்கி விசாரிக்கிறது.

மருதானை நானா
தங்கச்சி சொல்றது சரி. ஆனா ஜோன்ஸ் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார், அதையும் சேர்த்துச் சொல்லணும். 1986இல் சேப்பாக்கத்துல அந்த வெயிலில 210 அடிச்சு, ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தின மனுசன். பிறகு பாகிஸ்தான் சுப்பர் லீக்கில இஸ்லாமாபாத் யுனைடெட்டுக்குப் பயிற்சியாளரா இருந்து 2016லயும் 2018லயும் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். அந்த அணியில இருந்த பொடியன்மார் அவரை எவ்வளவு மதிச்சாங்க என்று எல்லாரும் பார்த்ததுதான். 2020இல் மும்பையில மௌத்தாகிட்டார். வேலையை விட்டு எடுத்தது நியாயம். வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வசனத்தோட கட்டிப்போடுறது நியாயமில்லை.

வெள்ளவத்தை 6
நானா, அவரைக் கட்டிப்போடச் சொல்லேல்லை. மைக்கில பழியைப் போடாதேங்கோ எண்டுதான் சொன்னன்.

பொரளைப் பக்கம்
அம்லா 2012இல் லண்டன் ஓவல் மைதானத்தில 311 ஆட்டமிழக்காமல். 2014இல் தலைவரா இஞ்ச வந்து கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில 139 ஆட்டமிழக்காமல், தொடரும் அவையளுக்கு. எங்கட சனம் எழும்பி நிண்டு கைதட்ட வேண்டிய ஆட்டம் அது.

சவுண்ட் டெஸ்க்
தங்கச்சி, வாய்க்குப் பொறுப்பு வாய்தான், ஒத்துக்கொள்றன். ஆனா மைக் கதையை ஆரும் படிக்காதபடியாத்தான் திரும்பத் திரும்ப நடக்குது. 2004 ஏப்ரலில மொனாக்கோ–செல்சி கால்பந்து ஆட்டம் முடிஞ்ச பிறகு வர்ணனையாளர் ரொன் அட்கின்சன் செல்சி வீரர் மார்செல் டெசாயியைப் பற்றி நிறவெறியாக் கதைச்சார். பிரிட்டனில ஒளிபரப்பு முடிஞ்சிட்டுது, மத்திய கிழக்குக்கு ஒலி போய்க்கொண்டிருந்தது. ஐரிவி சனல் வேலையை அவரே விட்டார். ஜோன்ஸுக்கு ரெண்டு வருசம் முந்தி, அதே ஓட்டை.

இப்ப யூடியூப்பில பள்ளிக்கூட மேட்சுக்கு வர்ணனை செய்யிற பிள்ளையள் நிறைய. கேளுங்கோ. உதட்டில முட்டிப் பிடிக்கிற லிப் மைக் எண்டா, வாயில இருந்து 5 சென்டிமீற்றர்தான், முணுமுணுப்பையும் எடுக்கும். கீழ இறக்கினாலும் அது செத்துப்போறதில்லை, சத்தம் குறையும், அவ்வளவுதான். பெட்டியில இருக்கிற இருமல் பொத்தானை அமத்திக்கொண்டிருக்கும்வரைதான் ஒலி நிக்கும், கையை எடுத்த உடன திரும்ப வரும். இயக்குநரோட கதைக்க டோக்பேக் பொத்தான் வேற, அதை அமத்தாமக் கதைச்சா இயக்குநருக்குச் சொன்னது ஊருக்குப் போகும். சிவப்பு லைட் அணைஞ்சா உங்கட சனல் வெட்டினது எண்டு மட்டும்தான் அர்த்தம். விளையாட்டு நேரலையில கெட்ட வசனத்தைப் பிடிச்சு நிப்பாட்டத் தாமதமும் பொதுவா வைக்கிறதில்லை. யூடியூப்பில விளம்பரப் படம் போட்டாலும், மிக்ஸரில மைக் சனலை மியூட் செய்யேல்லை எண்டா படத்துக்குப் பின்னால உங்கட குரல் ஓடிக்கொண்டேயிருக்கும். இன்னொரு போனில உங்கட நேரலையைப் போட்டு, இயர்போனில கேட்டுப் பாருங்கோ. சில செக்கன் பிந்தித்தான் வரும், ஆனா போகுதா இல்லையா எண்டு தெரிஞ்சிடும்.