புதுப்பிப்பு: ஜெயநகர் வீட்டு வாசலில் வருடம் முழுக்கப் பச்சை

வீட்டு முன்னால் இருக்கிற சின்ன இடம் எந்த மாதத்திலும் பார்க்க அழகாக இருக்க என்ன வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, இப்போது நிலவரம் இது. பூவுக்கு முன்னால் இலையை யோசியுங்கள் என்று ஒருவர் சொன்னார், அதுதான் பெரிய உதவி. மதில் ஓரம் முழுக்க குரோட்டன்ஸ், நடுவில் நந்தியாவட்டை. பூ குறைகிற நாட்களிலும் மஞ்சளும் சிவப்புமாக இலையே வாசலை நிறைத்துவிடுகிறது.

அதற்கு முன்னால் பருவத்துக்கு ஒன்று: வெயிலுக்குக் குண்டுமல்லி, மழை முடிகிற சமயத்துக்குப் பவழமல்லி, குளிருக்கு டிசம்பர் பூ. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, மிச்ச இலையையும் உருவிவிட்டு, தொழுவுரம் போடுங்கள், மார்ச் வாக்கில் ஒவ்வொரு புதுத்துளிர் நுனியிலும் மொட்டு கூடும்.

போகன்வில்லாவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது ஊற்றினால் போதும், அப்படி விட்டால்தான் கிளை முழுக்க நிறம் பிடிக்கிறது, தினமும் ஊற்றினால் வெறும் பச்சைக் கொடியாகவே நீண்டுகொண்டு போகும்.

சரி, இனி வெயிலே படாத வடக்கு மூலைதான் பாக்கி. பெரணி வைக்கலாம் என்று இருக்கிறேன், அங்கே வேறு ஏதாவது நன்றாக வந்தது என்றால் சொல்லுங்கள்.