பென்னிகுவிக் என்ற குடும்பப் பெயர்: எந்த ஊர்ப் பெயர், எங்கெல்லாம் பரவியது, எப்படித் தேடுவது?

கேள்வி – கம்பம் பள்ளத்தாக்கு

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15. அன்றைக்கு வெளியிட ஒரு சிறு மலர் தயாராகிறது. அதில் ஒரு பக்கம் அவர் குடும்பப் பெயருக்காக ஒதுக்கியிருக்கிறோம். தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கே வைக்கிற பெயராகிவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தமிழில் ஒழுங்காக எழுதிய குறிப்பு கண்ணில் படவில்லை. தெரிய வேண்டியவை:

1. "பென்" என்று தொடங்குவதால் இது வேல்ஸ் நாட்டுப் பெயர் என்கிறார்கள். சரியா?
2. பிரிட்டனில் இந்தப் பெயர் எந்தப் பகுதிக்கு உரியது? இணைய வரைபடம் ஒன்றில் லண்டன்தான் அடர்த்தியாகத் தெரிகிறது.
3. ஸ்காட்லாந்தில் இருந்த குடும்ப எஸ்டேட்டை விற்றுத்தான் அணை கட்டினார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்த எஸ்டேட் இந்தப் பெயர் கொண்ட ஊர்தானா?
4. பழைய பதிவுகளை நாங்களே தேடிப் பார்க்க என்ன வழி?

பதில் 1 – ஊர்ப்பெயர் ஆர்வலர்

வேல்ஸ் அல்ல, ஸ்காட்லாந்து. எடின்பர்க்குக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில், மிட்லோதியன் பகுதியில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதன் பெயர்தான் இது. எழுத்துக் கூட்டல் பி-இ-என்-ஐ-சி-யு-ஐ-கே. உள்ளூரில் சொல்வது "பெனிகுக்".

வேல்ஸ் என்று நினைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் கேலிக், ஆங்கிலம் பரவுவதற்கு முன் பேசப்பட்டது பிரித்தோனிக் வகை மொழி. அது வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய உறவு. அதில் "குயில் குன்று" என்ற பொருளில் அமைந்த ஊர்ப் பெயர் இது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மொழிக் குடும்பம் ஒன்று, நாடு வேறு.

கடைசி அசைதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். பழைய ஸ்காட்ஸ் எழுத்து முறையில் யு-ஐ இரண்டும் சேர்ந்து ஒரே உயிரொலியைக் குறிக்கும். ஆகவே அந்த அசை "குக்" என்பதை ஒட்டியே ஒலித்தது. ஆங்கில வழக்கப்படி எழுதியவர்கள் அதையே சி-ஓ-ஓ-கே என்று எழுதினார்கள். இன்று "பென்னிகுக்" என்று எழுதும் குடும்பங்களும் பொறியாளரின் "பென்னிகுவிக்" குடும்பமும் வேறு வேறு பெயருடையவர்கள் அல்லர். ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துக் கூட்டல். "பென்னி" என்றால் காசு, "குயிக்" என்றால் வேகம் என்று பிரிக்கும் விளக்கத்தை மலரில் சேர்க்கவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: இங்கிலாந்தில் பாத் நகரத்தை ஒட்டி "பென்னிகுவிக்" என்றே ஒலிக்கும், ஆனால் கியூ எழுத்து வரும் இடப்பெயர் ஒன்று உண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தேடலில் இரண்டும் கலந்து வரும். கியூ வந்தால் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பதில் 2 – ஏடு புரட்டி

மூன்றாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் அச்சில் தவறாகப் போகக் கூடியது.

பெனிகுக் ஊரின் நிலவுடைமை ஒரு காலத்தில் அந்தப் பெயர் கொண்ட குடும்பத்திடம் இருந்தது உண்மை. 1296-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டுக்கு ஸ்காட்லாந்து நிலக்கிழார்கள் பணிந்து உறுதிமொழி கொடுத்த ராக்மன் பட்டியலில் எடின்பர்க் கவுண்டிக்காரராக (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி) ஹியூ டி பெனிகோக் வருகிறார். ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஸ்டேட் கைமாறிவிட்டது. வாங்கியவர் பாரிஸில் வணிகம் செய்து பொருள் சேர்த்த ஜான் கிளார்க். அவர் மகனுக்கு 1679-இல் பேரனெட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது. மின்காந்தவியல் சமன்பாடுகளைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கிளார்க் வம்சத்தைச் சேர்ந்தவர்தான்.

அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். அதற்கு 200 ஆண்டுகளுக்கும் முன்பே பெனிகுக் எஸ்டேட் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. ஆகவே "தன் பெயர் கொண்ட ஊரை விற்றார்" என்ற வடிவில் அந்தக் கதையை எழுத முடியாது. சொந்தச் சொத்தை விற்றார் என்ற பேச்சைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் "மக்கள் வழக்கில் சொல்லப்படுவது" என்று குறிப்பிட்டுச் சேருங்கள். அவர் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. மலையைக் குடைந்து மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்பியதே போதும்.

நிலம் போனாலும் பெயர் போகவில்லை. ஆவணங்களில் தெளிவாகத் தெரிபவர்கள் சிலர்:

அலெக்சாண்டர் பென்னிகுக் (1652–1722), மருத்துவர், கவிஞர். கார்லப்ஸ் ஊர் அருகே நியூஹால், ட்வீட்டேல் பகுதியில் ரோமனோ ஆகியவை அவருடைய நிலங்கள். ட்வீட்டேல் பற்றி அவர் எழுதிய வர்ணனை 1715-இல் வெளிவந்தது. எடின்பர்க்கில் இதே பெயரில் இன்னொரு கவிஞரும் இருந்தார், இறந்தது 1730. இருவரையும் ஒருவராக எண்ணி எழுதிய குறிப்புகள் இணையத்தில் ஏராளம். இறந்த ஆண்டை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் பென்னிகுக், மாலுமி. பனாமா நிலச்சந்தியில் ஸ்காட்லாந்து தொடங்க முயன்ற டேரியன் குடியேற்றத்துக்கு 1698 ஜூலையில் லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. அந்தக் கப்பல் தொகுதியின் தலைவர் இவர்.

அடுத்து, நமக்கு வேண்டிய குடும்பம். பொறியாளரின் தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக், 24-ஆம் காலாட்படை. 1849 ஜனவரி 13-இல் சில்லியன்வாலா போரில் (இன்றைய பாகிஸ்தான் பஞ்சாப்) இறந்தார். அதே படைப்பிரிவில் இருந்த 17 வயது மகன் அலெக்சாண்டரும் அதே நாளில் அதே களத்தில் இறந்தார். 1841-இல் பூனாவில் பிறந்த நம் பொறியாளருக்கு அப்போது எட்டு வயது முடிய இரண்டு நாள் இருந்தது. அவருடைய மகன் சர் ஜான் பென்னிகுவிக் (1899–1982) இங்கிலாந்தில் சான்சரி நீதிமன்றப் பிரிவின் துணைவேந்தர் (வைஸ் சான்சலர் என்ற நீதிபதிப் பதவி) வரை உயர்ந்தவர்.

மேலே சொன்ன 17-ஆம் நூற்றாண்டுக்காரர்களுக்கும் பிரிகேடியருக்கும் நடுவே அம்புக்குறி போட்டு வம்ச மரம் வரைந்துவிடாதீர்கள். ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றவர்கள் நிலக்கிழார் வீட்டார் மட்டுமல்லர். அந்த ஊரிலிருந்து வெளியேறிய குத்தகைக்காரர், கைவினைஞர் எவரையும் புதிய ஊரில் "பெனிகுக்காரர்" என்று பதிந்திருப்பார்கள். ஒரே பெயர், பல வேர்.

கம்பம் பள்ளத்தாக்கு

ஐயா, மிக்க நன்றி. எஸ்டேட் வரியை எடுத்துவிடுகிறோம். அப்படியானால் வரைபடத்தில் லண்டன் ஏன் அடர்த்தியாகத் தெரிகிறது? பெனிகுக் ஊர்ப்பக்கம் அல்லவா குவிந்திருக்க வேண்டும்?

பதில் 3 – வரைபடக்காரர்

இரண்டு காரணம்.

ஒன்று, நீங்கள் பார்த்த வரைபடம் தலைக்கணக்கை அப்படியே வண்ணமாக்கியது. அரிய பெயருக்கு அது உதவாது. மக்கள்தொகையில் பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். 1881 கணக்கெடுப்பில் லண்டன் சுமார் 38 லட்சம், மிட்லோதியன் (அன்று எடின்பர்க்ஷயர்) சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம். இரண்டிலும் இந்தப் பெயரில் பத்துப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கணக்கில் இரண்டும் சமம். விகிதத்தில் லண்டன் பத்து லட்சத்துக்கு 2.6, மிட்லோதியன் 25.7. அப்போதுதான் பெயரின் உண்மையான இருப்பிடம் தெரியும்.

இரண்டாவது, ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகும்போது அந்த ஊருக்குள்ளேயே அது அடர்த்தியாக இருக்காது. சொந்த ஊரில் எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள். அங்கே அது அடையாளம் ஆகாது. நாலைந்து மைலுக்கு அப்பால் போனவருக்குத்தான் ஒட்டும். அதனால் ஊரைச் சுற்றி வளையமாகப் பாருங்கள். எடின்பர்க் நகரம், ஃபோர்த் கழிமுகத்துக்கு வடக்கே ஃபைஃப் என்று கிழக்கு ஸ்காட்லாந்தில்தான் "குக்" கூட்டல் வேரூன்றியிருக்கிறது. சி-யு-ஐ-சி-கே கூட்டல் அதைவிட அரிது.

வரைபடம் போடும்போது ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள். மொத்தமே சில டஜன் பேர் என்றால், எட்டுப் பிள்ளை பெற்ற ஒரே வீடு ஒரு கவுண்டியையே சிவப்பாக்கிவிடும். எல்லாக் கூட்டல்களையும் சேர்த்து ஒரு வரைபடம், தனித்தனியாக ஒவ்வொன்று என்று போட்டால்தான் பிரிவுகள் தெரியும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பிரிட்டன் சென்சஸ் பிரிட்டனில் அந்த இரவு இருந்தவர்களை மட்டுமே எண்ணியது. இந்தியாவில் பணியிலிருந்த அதிகாரியும் அவரோடு இருந்த குடும்பமும் அதில் வர மாட்டார்கள். இந்த மாதிரிப் படைக் குடும்பத்துக்கு 1881 வரைபடத்தில் ஓட்டை விழுவது இயல்பு. "அங்கே யாரும் இல்லை" என்று பொருள் கொள்ளக் கூடாது.

பதில் 4 – ஏடு புரட்டி

நான்காவது கேள்வி. தேடலைத் தெரிந்தவரிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். 1296-இலிருந்து முன்னோக்கி வந்தால் வழி தவறும்.

முதலில் கூட்டல்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சவுண்டெக்ஸ் என்பது ஒலி நெருங்கிய பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் முறை. அதில் இந்தப் பெயரின் முக்கிய வடிவங்கள் எல்லாம் பி522 என்ற ஒரே குறியீட்டுக்குள் வந்துவிடும்: ஊர்க் கூட்டல், பொறியாளர் கூட்டல், "குக்" கூட்டல், கவிஞர்களின் கூட்டல் நான்கும். ஆனால் கையெழுத்தைத் தவறாகப் படித்து ஏற்றிய பதிவுகள் இதில் சிக்காது. பழைய கையெழுத்தில் யு-வும் என்-னும் ஒன்றுபோல இருக்கும். சி-யை இ என்று படிப்பார்கள். "சி-யு-ஐ" என்பது "இ-என்-ஐ" ஆகிவிட்டால் குறியீடு பி552 ஆகிவிடும், ஆள் காணாமல் போவார். அதனால் இரண்டு குறியீட்டிலும் தேடுங்கள். நட்சத்திரக் குறி ஏற்கும் தளங்களில் பி-இ-என்-*-கே என்று கொடுத்தால் பெரும்பாலானவை வரும். கூடவே "பென்னிக்" போன்ற தொடர்பில்லாத பெயர்களும் வரும். கடைசியில் இ சேர்த்து எழுதிய பழைய வடிவங்களுக்கு இன்னொரு முறை தேட வேண்டும்.

ஸ்காட்லாந்துப் பதிவுகளுக்கு ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளம். பதிவு செய்துகொண்டால் அட்டவணை இலவசம். பதிவேட்டுப் படத்துக்கு 6 கிரெடிட். 30 கிரெடிட் 7.50 பவுண்டு என்ற கணக்கில் ஒரு படம் 1.50 பவுண்டு ஆகும். அட்டவணையில் முழுக்க அலசிவிட்டே படத்துக்குச் செலவழியுங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்கியது. அதற்கு முன் திருச்சபைப் பதிவேடுகள். 1855-ஆம் ஆண்டுப் பதிவு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: பிறப்புப் பதிவிலேயே பெற்றோர் வயது, பிறந்த ஊர், திருமண நாள், முன்பிறந்த பிள்ளைகள் வரை கேட்டு எழுதியிருப்பார்கள். வேலை தாங்காமல் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும், அரிய பெயரைத் தொடர அதைவிட நல்ல பிடி கிடையாது.

1841 சென்சஸில் ஏமாறாதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 என்றிருப்பார். பிறந்த ஊரும் இருக்காது, அந்தக் கவுண்டியா இல்லையா என்பது மட்டுமே. ஊர் வேண்டுமென்றால் 1851.

நிலம் கைமாறிய வரலாறு வேண்டுமானால் 1617-இல் தொடங்கிய சேசின் பதிவேடு (ஸ்காட்லாந்தின் நில உரிமைப் பதிவேடு). இங்கிலாந்துப் பகுதிக்கு 1837 ஜூலையிலிருந்து அரசுப் பதிவு, ஃப்ரீ பி.எம்.டி. தளத்தில் அட்டவணை இலவசம். பொறியாளர் 1911 மார்ச் 9-இல் சர்ரே கவுண்டியின் கேம்பர்லியில் இறந்தார், ஆகவே அவர் உயில் பற்றிய குறிப்பை 1858-இல் தொடங்கும் இங்கிலாந்து உயில் நாட்காட்டியில் (உயில்களின் ஆண்டுவாரிப் பட்டியல்) பாருங்கள், ஸ்காட்லாந்தில் அல்ல.

பதில் 5 – ஊர்ப்பெயர் ஆர்வலர்

தமிழ் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. மலரில் ஊரை "பெனிகுக்" என்றும் பொறியாளரை நம் மக்கள் சொல்லி வளர்ந்தபடி "பென்னிகுவிக்" என்றும் போடுவதே நல்லது. முதல் முறை வரும் இடத்தில் இரண்டும் ஒரே பெயர் என்று ஒரு வரி இருக்கட்டும். சிலை, பள்ளி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பதிந்துவிட்ட வடிவத்தை மாற்றச் சொல்வதில் அர்த்தமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு

அப்படியே செய்கிறோம். பொறியாளரின் ஞானஸ்நானப் பதிவை சென்னை மாகாண ஏட்டில் தேடினோம், கிடைக்கவில்லை.

பதில் 6 – ஏடு புரட்டி

கிடைக்காது. அவர் வேலை பார்த்தது சென்னை மாகாணம், பிறந்தது பூனா. அது பம்பாய் மாகாணம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் திருச்சபை ஏடுகள் மூன்று வரிசை: என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். நீங்கள் பார்க்க வேண்டியது என்/3. படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்கு உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுக்கும் ஃபிபிஸ் அமைப்பின் தரவுத்தளம் இலவசம், அதில் தொடங்குங்கள். பிறந்த ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துத் தேடுங்கள், படைமுகாமில் ஞானஸ்நானம் தள்ளிப்போவது உண்டு. அதிலும் வரவில்லை என்றால் எல்/மில்/9 வரிசை: அடிஸ்கோம்ப் படைக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் நுழைவுத் தாள்கள். அவர் படித்தது அங்கேதான், அந்தத் தாள்களோடு ஞானஸ்நானச் சான்றின் நகலை இணைப்பது வழக்கம்.