பின்சக்கர வண்டி: டிஃபரன்ஷியல் சாதாவா, லாக் ஆகும் வகையா? எப்படிப் பார்ப்பது?

பள்ளிகொண்டா_தோப்பு
அவசரம். பின்சக்கரம் இழுக்கிற வண்டி. நேற்று மாலை மழை விட்டதும் பாலாற்றங்கரைத் தோப்புக்குள் இறக்கினேன், இடது பின்சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வலது பக்கம் அசையவே இல்லை. மச்சான் டிராக்டரைக் கொண்டுவந்துதான் இழுத்தார். விற்றவர் "பின்னாடி லாக் இருக்கு, எந்தச் சேற்றிலும் ஏறும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரம் போகவேண்டும், கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, அம்மாவும் வருகிறார்கள்.

காட்பாடி_டீசல்
என்ன வண்டி? எந்த வருடம்? எவ்வளவு ஓடியிருக்கிறது?

சத்துவாச்சாரி_கியர்
வண்டி பெயரே இல்லையே நண்பா. சுமோவா, குவாலிஸா, டவேராவா? எதுவானாலும் ஒரு வழி இருக்கிறது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துவிட்டு, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) கீழே ஸ்டாண்ட் கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். இன்ஜின் ஆஃப், நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விட்டிருக்கவேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அடுத்த பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன், அதாவது சாதா டிஃபரன்ஷியல், ஒரே திசையில் சுற்றினால் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) அல்லது லாக்.

ஆற்காடு_ஆயில்
முதலில் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயில் கெட்டுப்போனால் டிஃபரன்ஷியல் உள்ளே லாக் செய்கிற பிளேட் சரியாகப் பிடிக்காது, நான் மூன்று வண்டியில் பார்த்திருக்கிறேன்.

காட்பாடி_டீசல்
உள்ளே பிளேட் இருக்கிறதா என்பதுதானே கேள்வி?

வாலாஜா_பட்டறை
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன், ஒருவரும் தேடிப் படிப்பதில்லை. தம்பி, டிஃபரன்ஷியல் எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்காகத்தான் பின் ஆக்சிலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு நடுவே ஸ்டார் பினியன், சைட் கியர் என்ற சின்னப் பல்சக்கரங்களை வைத்திருக்கிறார்கள். ஓப்பன் வகையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசைதான் போகும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுற்றினால் அதற்கு எவ்வளவு குறைவான விசை போதுமோ, அதே அளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது. உங்களுக்கு நடந்தது அதுதான். கையால் சுற்றிப் பாருங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் விஷயம் முடிந்தது. முப்பது வருடமாகப் பட்டறையில் இருக்கிறேன், இதற்கு மேல் பரிசோதனை தேவையில்லை.

பள்ளிகொண்டா_தோப்பு
மன்னிக்கவும், வண்டி பெயரை விட்டுவிட்டேன். பொலேரோ நியோ, 2021, 62,000 கிலோமீட்டர். இப்போதுதான் தூக்கிப் பார்த்தோம். எதிர்த்திசையில்தான் சுற்றுகிறது. அப்போ சாதாதானா?

வாலாஜா_பட்டறை
சொன்னேனே.

ஆம்பூர்_ஸ்டியரிங்
பட்டறை அண்ணா, பொலேரோ நியோவுக்கு அந்தப் பரிசோதனை போதாது. அந்த வருட வண்டியில் என்10 (ஓ) என்ற வகைக்கு மட்டும் பின்னால் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் (தானாகவே லாக் ஆகும் வகை) வந்தது, என்4, என்8, என்10 மூன்றுக்கும் கிடையாது. லாக் ஆகாத நேரத்தில் அது சாதா டிஃபரன்ஷியல் மாதிரியேதான் நடந்துகொள்ளும். கையால் சுற்றினால் எதிர்த்திசையில் சுற்றத்தான் செய்யும்.

உள்ளே சின்ன எடைக்கட்டிகள் வைத்த, வேகத்தை உணரும் ஒரு கவர்னர் இருக்கிறது. இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே சுழற்சி வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்றைத் தொட்டால் அந்தக் கட்டிகள் வெளியே விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். மாட்டியதும் சைட் கியர் ஒரு சரிவில் ஏறி பிளேட்டுகளை அழுத்தும், இரண்டு ஆக்சிலும் ஒன்றாகிவிடும். 100 சுற்று என்றால் நொடிக்கு ஒன்றரைச் சுற்றுக்கு மேல். கையால் மெதுவாகச் சுற்றினால் அந்த வித்தியாசம் எப்படி வரும்?

தோப்பு அண்ணா, நேற்று சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டீர்களா?

பள்ளிகொண்டா_தோப்பு
ஆமாம். குழி பறித்துக்கொண்டு இறங்கிவிடுமோ என்று பயந்து உடனே விட்டுவிட்டேன்.

ஆம்பூர்_ஸ்டியரிங்
அப்போ அதற்கு வேலை செய்ய வாய்ப்பே கொடுக்கவில்லை. முதலில் ஆர்சி புத்தகத்தில் மாடல் என்ற இடத்தைப் பாருங்கள், என்10 என்பதற்குப் பின்னால் ஓ இருக்கிறதா என்று. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பவேண்டாம், அதை யாரும் வாங்கி ஒட்டிவிடலாம்.

சத்துவாச்சாரி_கியர்
ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைப் போட்டு கியரில் விட்டால் தெரிந்துவிடுமே?

ஆம்பூர்_ஸ்டியரிங்
வேண்டவே வேண்டாம். லாக் ஆன அந்த நொடியே தரையில் இருக்கிற சக்கரம் இழுக்கும், வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து முன்னே போகும், எதிரில் ஆள் இருந்தால் அவ்வளவுதான். லாக் இருக்கும் என்று சந்தேகம் இருக்கிற எந்த வண்டியிலும் ஒரு சக்கரத்தைத் தூக்கிவைத்து கியர் போடக்கூடாது. இதைக் கட்டாயம் சொல்லியாகவேண்டும்.

வாலாஜா_பட்டறை
புது வண்டிகளில் இப்படி வருகிறது என்றால் சரி. நான் சொன்னது அம்பாசடர், பத்மினி, பழைய சாதா ஜீப் மாதிரி வண்டிகளுக்குப் பொருந்தும்.

ஆற்காடு_ஆயில்
பிளேட் இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது இல்லையா, ஆயில் முக்கியம்தானே? கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற அதே தொண்ணூறு (கெட்டித்தன்மை எண்) ஆயிலையே பின்னாலும் ஊற்றிவிடலாம், தனியாக வாங்குவது வீண் செலவு.

காட்பாடி_டீசல்
தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள், படித்துவிட்டு யாராவது செய்துவிடுவார்கள். பின்னால் இருப்பது ஹைப்பாய்டு என்ற வகைப் பல். கிரவுன் வீலைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியன், அதன் நடுக்கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் பல்லோடு பல் உருளுவது மட்டுமில்லை, வழுக்கியும் போகிறது. அந்த அழுத்தத்துக்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் வளையம்) இருப்பதால் பல வண்டிகளுக்கு அதைவிடக் கடுமை குறைந்த ஜிஎல்-4 சொல்லியிருப்பார்கள்.

ஆற்காடு_ஆயில்
இருபது வருடமாக ஒரே டின்னிலிருந்து இரண்டுக்கும் ஊற்றுகிறேன், ஒரு பல் கூடப் போனதில்லை.

காட்பாடி_டீசல்
ராணிப்பேட்டையில் ஒரு வேனைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பினியன் பல் ஒவ்வொன்றிலும் நகத்தால் சுரண்டியது போலக் கீறல், விளிம்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது, டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் கருப்பு மை மாதிரி இரும்புத்தூள். ஊற்றியிருந்தது கியர்பாக்ஸ் ஆயில். லாக் இருக்கிற ஆக்சிலுக்குக் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஊற்றவேண்டும்.

வாலாஜா_பட்டறை
ஆயில் விஷயத்தில் காட்பாடி சொல்வது சரி. ஆனால் சேற்றில் போவதற்கு முன்னால் டயர் காற்றைக் குறைக்கவேண்டும், அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

ஆற்காடு_ஆயில்
காற்றைக் குறைத்துவிட்டு மலையடிவாரத்தில் எங்கே போய்க் காற்றடிப்பார்?

பள்ளிகொண்டா_தோப்பு
ஆர்சியில் என்10 ஓ என்றுதான் இருக்கிறது. காலையில் தோப்பில் அதே இடத்துக்குக் கொண்டுபோனேன், இடது பக்கம் மட்டும் ஈரமண். முதல் கியர், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் இந்தத் தடவை விடாமல் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். பின்னாலிருந்து "டக்" என்று சத்தம், உடனே வலது பக்கமும் பிடித்து வண்டி ஏறிவிட்டது. டிராக்டரோடு காத்திருந்த மச்சானுக்கு நம்பவே முடியவில்லை. எல்லாருக்கும் நன்றி, பொங்கல் சாமான் வாங்கக் கிளம்புகிறேன்.

ஆம்பூர்_ஸ்டியரிங்
ரொம்ப சந்தோஷம் அண்ணா. சத்தம் கேட்டதும் காலை எடுக்காமல் ஒரே சீராக வெளியே வந்துவிடுங்கள், நடுவில் விட்டால் லாக் விட்டுவிடும், மறுபடி சுற்றித்தான் பிடிக்கவேண்டும். அம்மாவிடம் அந்தச் சத்தத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயந்துவிடுவார்கள்.

காட்பாடி_டீசல்
62,000 ஓடியிருக்கிறதே, பின் ஆக்சில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்றவரிடம் கேட்டீர்களா?