வட அமெரிக்க வசூலில் விநியோகஸ்தர்களின் மார்க்கெட் ஷேர்: எதை வைத்துப் போடுகிறார்கள், எதற்காக மோதுகிறார்கள்?

வெள்ளி_முதல்ஷோ:
ஆண்டு முடிவில் வரும் பட்டியலைப் பார்த்தேன். 2019-ல் டிஸ்னிக்கு சுமார் 33%, அடுத்த இடத்தில் இருந்த வார்னர் பிரதர்ஸுக்கு 14% பக்கம். இத்தனைக்கும் வார்னர்தான் அதிகப் படங்களை இறக்கியது. அப்படியென்றால் இந்தச் சதவீதம் எதைக் காட்டுகிறது? ஒரு வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பெரிய படங்கள் வந்தால் எந்தத் திரை யாருக்கு என்பது எப்படி முடிவாகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

புக்கிங்மேசை:
முதலில் ‘ஷேர்’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். வியாபாரப் பேச்சில் ஷேர் என்றால் தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வரும் பணம். இந்தப் பட்டியலில் இருப்பது அது இல்லை. டிக்கெட் விற்ற மொத்தத் தொகையில், அதாவது கிராஸில், ஒரு நிறுவனம் விநியோகித்த படங்களுக்கு எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. தயாரிப்புச் செலவு, விளம்பரச் செலவு எதுவும் இதில் கழியாது. முதலிடத்தில் இருப்பவர்தான் அதிக லாபம் பார்த்தவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

படத்தின் எண்ணிக்கை ஏன் உதவவில்லை என்றால், வசூல் சில படங்களிலேயே குவிகிறது. டிஸ்னி 2019-ல் வெளியிட்டவற்றில் 7 படங்கள் உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டின. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ஒன்றே வட அமெரிக்காவில் சுமார் 85.8 கோடி டாலர். அந்த ஆண்டு அங்கே டிஸ்னி எடுத்த மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரே படம்.

பட்டியலைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. வசூல் யார் கணக்கில் ஏறும் என்பது தயாரித்தவரைப் பொறுத்ததல்ல, விநியோகித்தவரைப் பொறுத்தது. 2019-ல் வந்த ஸ்பைடர்மேன் படத்தின் தயாரிப்பில் டிஸ்னிக்குச் சொந்தமான மார்வெல் ஸ்டூடியோஸுக்கும் பங்கு உண்டு. விநியோகித்தது சோனி என்பதால் வசூல் முழுக்க சோனி பெயரில். ‘டைட்டானிக்’ வட அமெரிக்காவில் பாரமவுண்ட் கணக்கு, வெளிநாடுகளில் ஃபாக்ஸ் கணக்கு. அடுத்தது ஆண்டு எல்லை. ‘அவதார்’ இரண்டாம் பாகம் 2022 டிசம்பர் 16-ல் வந்தது. அதன் 68 கோடி டாலர் சொச்சத்தில் சுமார் 40 கோடி 2022 கணக்கிலும் மீதி 2023 கணக்கிலும் விழுந்தது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியதால், அந்த ஆண்டுக்கு ஃபாக்ஸைச் சேர்த்துப் போட்ட பட்டியலும் உண்டு, பிரித்துப் போட்டதும் உண்டு. எண் மாறும். எது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: ஞாயிறு காலை வெளியாகும் வார இறுதி வசூலில் அன்றைய மீதி நாள் வெறும் மதிப்பீடு. உண்மைக் கணக்கு திங்களன்றுதான். வியாழன் மாலை முன்னோட்டக் காட்சிகளின் பணத்தையும் வெள்ளியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

ரீல்பெட்டி:
மோதல் தொடங்குவது தேதியில். பெரிய நிறுவனங்கள் படத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்து வைக்கும். முதலில் அறிவித்தவருக்குச் சட்ட உரிமை எதுவும் கிடையாது. யார் பின்வாங்குவார் என்ற பலப்பரீட்சைதான் அது. 2016 மே 6-க்கு வார்னரின் பேட்மேன்–சூப்பர்மேன் படமும் மார்வெலின் மூன்றாவது கேப்டன் அமெரிக்கா படமும் மோதுவதாக இருந்தன. 2014-லேயே வார்னர் விலகி மார்ச் 25-க்குப் போய்விட்டது.

அடுத்தது பெரிய திரை. ஐமேக்ஸ் போன்ற திரைகள் எண்ணிக்கையில் கொஞ்சம். டிக்கெட் விலை அதிகம். அதனால் ஒரு வளாகத்தில் 12 திரை இருந்தாலும் சண்டை அந்த ஒன்றுக்குத்தான். 2023 ஜூலை இதற்கு நல்ல பாடம். பாரமவுண்டின் ‘மிஷன் இம்பாசிபிள்’ ஜூலை 12-ல் வந்தது. யுனிவர்சலின் ‘ஓப்பன்ஹைமர்’ ஜூலை 21 முதல் மூன்று வாரத்துக்கு ஐமேக்ஸ் திரைகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தது. அதே நாளில் வார்னரின் ‘பார்பி’யும் வந்தது. முதல் வார இறுதியில் பார்பி 4,243 தியேட்டர்களில் 16.2 கோடி டாலர், ஓப்பன்ஹைமர் 3,610 தியேட்டர்களில் 8.2 கோடி. மிஷன் இம்பாசிபிள் முந்தைய வார இறுதியின் 5.47 கோடியிலிருந்து 1.95 கோடிக்கு இறங்கியது, 64% சரிவு. நன்றாக விமர்சிக்கப்பட்ட படம் அது. பெரிய திரை கையை விட்டுப் போனதும் எதிரில் இரண்டு படம் நின்றதும் சேர்ந்து அதை அடித்தன. ஒன்பது நாள் இடைவெளி வைத்துத் தேதி போட்டபோதே பாதி தோல்வி எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

செய்தியில் வருவது தியேட்டர் எண்ணிக்கை, திரை எண்ணிக்கை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வளாகத்தில் ஒரு படம் ஆறு திரையில் ஓடினாலும் ‘1’ என்றுதான் எண்ணுவார்கள்.

ஓடும் நேரமும் கணக்கில் வரும். 180 நிமிடப் படத்துக்கு டிரெய்லர், சுத்தம் செய்யும் நேரம் எல்லாம் சேர்த்து 40 நிமிடம் கூட்டினால் ஒரு காட்சிக்கு 220 நிமிடம். காலை 10 மணிக்குத் தொடங்கினால் 1.40, 5.20, 9.00 என்று ஒரு திரையில் நான்கு காட்சிதான். 100 நிமிடப் படம் அதே திரையில் 10 மணி முதல் இரவு 9.40 வரை ஆறு காட்சி போடும். நீளப் படத்தை விநியோகிப்பவர் கூடுதல் திரை கேட்டு அழுத்துவது இதனால்தான்.

வெள்ளி_முதல்ஷோ:
நன்றி நண்பர்களே. தியேட்டர்காரர் ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடாமல் எப்படித் தடுக்கிறார்கள்? பங்கு பிரிப்பதிலும் போட்டி இருக்கிறதா?

புக்கிங்மேசை:
இருக்கிறது. பழைய முறை 90/10. தியேட்டரின் வாராந்தரச் செலவு என்று ஒரு தொகையை முதலில் ஒதுக்கி, மீதியில் 90% விநியோகஸ்தருக்கு. கூடவே மொத்த வசூலில் இத்தனை சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று ஒரு அடிமட்டமும் வைப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அது. எடுத்துக்காட்டாக, செலவு 8,000 டாலர், முதல் வார வசூல் 40,000 என்றால் மீதி 32,000-ல் 90%, அதாவது 28,800. அடிமட்டம் 60% என்றால் 24,000. ஆகவே விநியோகஸ்தருக்கு 28,800. மூன்றாம் வாரம் வசூல் 12,000-க்கு இறங்கினால் 90% கணக்கில் 3,600-தான் வரும். அந்த வார அடிமட்டம் 50% என்றால் 6,000, அதைத்தான் எடுப்பார். சரிந்த வாரத்தில் அவரைக் காப்பாற்றுவது அடிமட்டம்தான். இப்போது பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லாமல் நேரடிச் சதவீதம், அல்லது படத்தின் மொத்த வசூல் ஏற ஏறச் சதவீதமும் ஏறும் அட்டவணை.

திரையைக் காப்பாற்றுவது ஒப்பந்தத்தில் எழுதும் வார எண்ணிக்கை. 2017-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ எட்டாம் பாகத்துக்கு டிஸ்னி 65% பங்கும், வளாகத்தின் மிகப் பெரிய திரையில் நான்கு வாரமும் கேட்டதாகவும், மீறினால் இன்னும் 5% எடுப்பதாகவும் செய்தி வந்தது. ஒரே திரை உள்ள சின்ன ஊர் தியேட்டருக்கு இது சுருக்குக் கயிறு. ஊரில் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் இரண்டு வாரத்தில் பார்த்துவிடுவார்கள். மீதி இரண்டு வாரம் காலி நாற்காலிக்குப் படம் ஓட்ட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் படத்தை விட்டுவிட்டு மூன்றாம் வாரத்தில் குறைந்த சதவீதத்துக்கு எடுப்பதும் உண்டு.

பெரிய படம் வேண்டுமானால் எங்கள் சின்னப் படங்களையும் எடு என்று கட்டாயப்படுத்துவது 1948 பாரமவுண்ட் வழக்குத் தீர்ப்புக்குப் பின் தடைபட்டது. அந்தத் தீர்ப்பாணைகளை 2020 ஆகஸ்டில் நீதிமன்றம் முடித்துவைத்தது; இப்படி மொத்தமாகத் தள்ளிவிடும் முறைக்கான தடை மேலும் இரண்டு ஆண்டு நீடிக்கும் என்றது. தனித் தியேட்டர்கள் இதை எதிர்த்ததில் முழு நியாயம் இருக்கிறது.

மூன்றாம்வாரம்:
ஒப்பந்த வாரம் முடிந்தபின் நடப்பது எளிது. திங்கள் காலை திரைவாரியாக வார இறுதி வசூலை அடுக்குவார்கள், கீழே இருப்பது வெள்ளியன்று வெளியேறும் அல்லது காட்சி குறையும். படத்தை நீட்டிக்க முடிவானால் படக் கோப்பின் பூட்டைத் திறக்கும் புது கே.டி.எம். சாவி கேட்டு வாங்க வேண்டும். டிஜிட்டல் சாவி அந்தந்தத் திரையின் சர்வருக்கும் குறிப்பிட்ட தேதிக்கும் மட்டும்தான் திறக்கும். படத்தைப் பெரிய திரையிலிருந்து சின்னதுக்கு மாற்றும்போது சின்னத் திரையின் சர்வருக்குச் சாவி இல்லாமல் வெள்ளி முதல் காட்சி ரத்தாகும். அடிக்கடி நடக்கிற தவறு இது.

ஒரு படம் திரையைத் தக்கவைக்குமா என்று பார்க்க, மொத்த வசூலை முதல் வார இறுதியால் வகுங்கள். பார்பி 63.6 கோடி, முதல் வார இறுதி 16.2 கோடி; கிட்டத்தட்ட 3.9 மடங்கு. அதே ஆண்டு, அதே வார்னரின் ‘தி ஃப்ளாஷ்’ 5.5 கோடியில் தொடங்கி 10.8 கோடியில் நின்றது, இரண்டு மடங்குகூட இல்லை.

கடைசியாக, பட்டியலில் எல்லாரும் இல்லை. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ‘கிளாஸ் ஆனியன்’ படத்தைச் சுமார் 600 தியேட்டர்களில் ஒரு வாரம் ஓட்டியது, வசூலை வெளியிடவில்லை. அந்த வாரம் மற்றவர்களின் சதவீதம் அந்தப் பணம் இல்லாமலே போடப்பட்டது.