ஆனைமலையில் காட்டு நடை: எதிர்ப்பட்டவையும் எதிர்கொள்ளும் விதமும்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

கருமந்தி

டாப்சிலிப்பிலிருந்து கரியன் சோலைக்கு வழிகாட்டியோடு நடக்கப் போகிறவர்களுக்கு, என்ன எதிர்ப்படும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருமந்தியும் மலை அணிலும் பெரும்பாலான நாட்களில் கிடைக்கும். காட்டுமாடு, கடமான், கேளையாடு அதற்கடுத்து. யானை நடமாட்டத்துக்கு அதன் சாணமான லத்தியும் ஒடித்துப்போட்ட மூங்கிலும் சாட்சி சொல்லும். யானையே எதிரில் வருவது குறைவு, வராமலிருப்பதே நல்லது. புலி, சிறுத்தை இரண்டையும் காலடித்தடமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம்.

அங்குள்ள வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர் சமூகத்தவர். அவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். அதனால்தான் குழு ஐந்தாறு பேரைத் தாண்டக்கூடாது என்கிறேன். பத்துப் பேர் சருகில் நடந்தால் முன்னால் போகிறவருக்குத் தன் பின்னால் வரும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை விடுதியிலேயே சோதித்துப் பார்க்கலாம். நைலான் மழைக்கோட்டு கை வீசும்போதெல்லாம் உரசும். பாதி நிறைந்த தண்ணீர்ப் பாட்டில் குலுங்கும், அதை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குடித்துக் காலி செய்யுங்கள். பையில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி இருந்தால் நடைக்கு முன்பே திறந்து வைத்துவிடுங்கள். கடலைமிட்டாயை பாலிதீன் உறையிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொள்ளலாம். கைப்பேசியின் அதிர்வு ஒலிகூட அமைதியான காட்டில் பத்தடி தூரம் கேட்கும். சென்ட், வாசனைத் தைலம் வேண்டாம்.

வழிகாட்டி கையைத் தூக்கினால் கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "என்ன, என்ன" என்று இரண்டடி முன்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள், அந்த இரண்டடியில் கேளையாடு போய்விடும்.

அபாயக் குரல்களை ஓரளவு தெரிந்துவைத்துக்கொண்டு போனால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். கடமான் 'டாங்க்' என்று ஒற்றையாக, கனமாகக் கத்தும். ஒருமுறை கத்தி அடங்கினால் உங்களைப் பார்த்தே கத்தியிருக்கலாம். ஒரே இடத்திலிருந்து விட்டுவிட்டுத் தொடர்ந்தால் அது வேட்டை விலங்கைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புள்ளிமானின் கீச்சுக்குரலை அந்த அளவுக்கு நம்ப முடியாது, மயிலுக்கும் கத்தும். கேளையாடு நாய் குரைப்பதுபோல் நெடுநேரம் கத்திக்கொண்டிருக்கும். மரத்தின் மேலிருந்து கருமந்தியும் கீழிருந்து கடமானும் ஒரே பக்கம் பார்த்துக் கத்தினால் வழிகாட்டி உங்களைக் கேட்காமலேயே பாதையை மாற்றுவார். ஏன் என்று அப்போது கேட்காதீர்கள்.

வரையாடு

கருமந்தி சொன்னதில் காற்று விட்டுப்போயிற்று. சத்தம் எவ்வளவு குறைந்தாலும் வாடை போய்ச் சேர்ந்தால் யானையும் காட்டுமாடும் உங்களுக்கு முன்பே முடிவெடுத்துவிடும்.

மலைச்சரிவில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் சரிவில் படும்வரை, அதாவது விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம், அந்த இறக்கம் தொடரும். அப்போது விலங்குக்குக் கீழே இருப்பவருக்கு வசதி. வெயில் ஏறியதும் சூடான காற்று மேல்நோக்கிப் போகத் தொடங்கும், அப்போது மேலே இருப்பவருக்கு வசதி. காலை ஆறரைக்குச் சரியாக இருந்த பாதை ஒன்பதரைக்குத் தவறாகிவிடுவது இதனால்தான். ஓடைகள் சேரும் இடத்திலும் இரு மேடுகளுக்கு நடுவிலான கணவாயிலும் காற்று சுழலும், அங்கே எந்தக் கணக்கும் செல்லாது. சலித்த விறகுச் சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து எடுத்துப்போய் அவ்வப்போது தட்டிப் பாருங்கள். முகப்பவுடர் வேண்டாம், அதற்கே ஒரு வாடை இருக்கிறது.

யானை அருகில் இருப்பதற்கான அடையாளங்களில் மூங்கில் முறியும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தம் சட்டென நின்றுபோவதைத்தான் கவனிக்க வேண்டும். மேய்ச்சலை நிறுத்திவிட்டு உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தும்பிக்கை நுனி மேலே எழுந்து உங்கள் பக்கம் திரும்பினால் வாடையும் கிடைத்துவிட்டது. வந்த வழியே, பேசாமல், பெரிய மரங்களை நடுவில் விட்டுப் பின்வாங்குவதுதான் ஒரே வேலை. காதை விரித்துப் பிளிறிக்கொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வருவது வேறு. ஆனால் இதை விதியாக வைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். இறக்கத்தில் யானை ஓடாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம், நன்றாகவே ஓடும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக ஈரக்கோடு வழிந்தால் மதம் பிடித்த ஆண். தூரம் எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பக்கம் நடை கிடையாது.

லத்தியைப் பார்த்து நேரம் சொல்லலாம். மேலே ஈர மினுமினுப்பும் உள்ளே சூடும் இருந்தால் யானை பக்கத்திலேயே இருக்கிறது. சாண வண்டு குடைந்து நார் உதிர்ந்திருந்தால் பழையது. மழைக்காலத்தில் மேல்பூச்சு கழுவப்பட்டுப் புதியதும் பழையதாகத் தெரியும், அப்போது உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். 1.3 மீட்டர் சுற்றளவு என்றால் 2.6 மீட்டர் உயரம்.

செந்நாய்

தடங்களைப் பற்றி. பூனைக் குடும்பத்துத் தடத்தில் நகம் பதியாது, செந்நாய்த் தடத்தில் பதியும். வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம், வளர்ந்த புலிக்குப் பன்னிரண்டும் அதற்கு மேலும். இளகிய சேற்றில் தடம் விரிந்து சிறுத்தையைப் புலியாக்கிவிடும். ஆகவே இறுகிய மண்ணில் அடுத்த தடம் கிடைக்கும்வரை புலி என்று சொல்லாமலிருப்பது நல்லது. பாதைகள் கூடும் இடத்தில் முடியும் எலும்புத் துணுக்கும் கலந்த எச்சம் குவியலாகக் கிடந்தால் அது செந்நாய்க் கூட்டத்தின் பொதுக் கழிப்பிடம்.

கரடி விஷயத்தில் மட்டும் அமைதி விதி தலைகீழ். கரடிக்குக் கண் கூர்மை குறைவு. கறையானைக் குடைந்து உறிஞ்சும் மும்முரத்தில் ஆள் வருவது தெரியாமல் போய், திடுக்கிட்டுப் பாய்கிற தாக்குதல்தான் அதிகம். புதிதாகக் குடைந்த கறையான் புற்றும் பக்கத்தில் நீண்ட நகக் கீறலும் தெரிந்தால், புதர் அடர்ந்த திருப்பங்களில் லேசாகப் பேசிக்கொண்டே போவது நல்லது.

பூங்குருவி

பறவைக்காக வருகிறவர்களுக்குச் சில.

சோலைக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஒன்றுமே இல்லையென்று சோர்ந்துபோவார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே பறவைகள் பெரும்பாலும் கலப்புக் கூட்டமாகத்தான் திரியும். நெடுநேரம் வெறுமை, பிறகு பத்து நிமிடத்தில் பதினைந்து இனம். துடுப்புவால் கரிச்சானின் பலகுரல் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். அதன் பின்னால் மின்சிட்டு, மரங்கொத்தி, பசையெடுப்பான், அரசவால் ஈபிடிப்பான் என்று வரும். கூட்டத்தைத் துரத்தாமல் அது போகும் திசையில் கொஞ்சம் முன்னால் போய் நிற்க வேண்டும். துரத்தினால் கடைசிவரை வால்களைத்தான் பார்ப்பீர்கள்.

தீக்காக்கை ஆண் நெஞ்சு சிவப்பாக இருந்தும் ஏன் கண்ணில் படுவதில்லை? ஆளைக் கண்டதும் மங்கிய முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய குரல் கேட்டும் பறவை தெரியவில்லை என்றால், நடுமட்டக் கிளைகளில் அசையாத பழுப்பு உருவத்தைத் தேடுங்கள்.

பெரிய இருவாச்சி பறக்கும் சத்தம் மரத்துக்கு மேலே நீராவி ரயில் போவதுபோல் இருக்கும். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான கூடுகாலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று வழியாக ஆண் கொண்டுவரும் இரைதான், பெரும்பாலும் அத்திப்பழம், அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. கூட்டு மரத்தின் கீழே ஆட்கள் நின்றால் ஆண் தூரத்து மரத்தில் காத்திருக்கும், உள்ளே பட்டினி. கூட்டைக் காட்டச் சொல்லி வழிகாட்டியை நச்சரிப்பதைவிட, காய்த்த அத்திமரம் எங்கே என்று கேளுங்கள். பறவையை அங்கே இன்னும் நன்றாகப் பார்க்கலாம். வாழச்சால் பக்கம் காடர் மக்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள், இந்தக் கணக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

தவளைவாயனைப் பகலில் இணையாகத் தாழ்ந்த கொடியில் பார்க்கலாம், காய்ந்த இலையோடு இலையாக இருக்கும். ஃப்ளாஷ் கூடாது. கண்ணை லேசாகத் திறந்து தலையை மேலே நீட்டினால் அதற்குத் தொந்தரவு தொடங்கிவிட்டது, விலகிவிட வேண்டும். கைப்பேசியில் குரல் ஒலிக்கவிட்டு அழைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கம், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ்) போதும். 10x42 பெரிதாகக் காட்டும், ஆனால் சோலை இருட்டில் தோற்றுப்போகும். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர், 10ஆல் வகுத்தால் 4.2தான். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். வாங்கியவர்களில் பாதிப்பேர் கண் சீராக்கும் வளையத்தைத் தொடுவதே இல்லை. வலது லென்ஸை மூடி, இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, அதே பொருளை வலது கண்ணால் பார்த்து, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சில மாடல்களில் இந்த வளையம் நடுச் சக்கரத்திலேயே இருக்கும்.

மழைச்சாரல்

அட்டைக்கு என்ன செய்வது? உப்பா, புகையிலைத் தண்ணீரா?

கருமந்தி

இரண்டும் மழையில் கரைந்துபோகும், உப்பு தரையில் விழுந்தால் தவளைக்கும் கேடு. நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறைதான் தீர்வு. பேன்ட்டை அதற்குள் விட்டு முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்ட வேண்டும். வெளிர் நிறமாக இருந்தால் ஏறுவது தெரியும். சாதாரணக் காலுறையின் பின்னல் வழியே அட்டை புகுந்துவிடும். நிற்கும்போது சருகில் நிற்காமல் பாறையிலோ காய்ந்த மண்ணிலோ நில்லுங்கள்.

கடித்துவிட்டால் பிய்க்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். மெலிந்த முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி முதலில் அதையும் பிறகு தடித்த முனையையும் விடுவியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும். இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மழைக்கால நடையைத் தவிர்க்கலாம்.

வரையாடு

வால்பாறைப் பக்கம் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆழியாற்றிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் 9ஆவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடு பார்க்கலாம். புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) சாலையோரத்துக்கே வரும். தீனி போடாதீர்கள். தீனிக்குப் பழகியதால் வண்டியில் அடிபட்டுச் செத்தவை உண்டு. காட்டுக்குள் அவற்றைப் பார்க்க, முள்பந்து போன்ற காய் காய்க்கும் வெடிப்பலா மரத்தடியில் கடித்துப் போட்ட தோடுகளைத் தேடலாம்.

தேயிலைக்குள் எஸ்டேட் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. பச்சைப் பரப்பு திறந்த வெளிபோல் தெரியும், ஆனால் இடுப்பளவு செடிக்குள் படுத்திருக்கும் காட்டுமாடு எழுந்த பிறகுதான் கண்ணில் படும். யானை நடமாட்டத்தைத் தெரிவிக்க நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் வனத்துறையும் அங்கே குறுஞ்செய்தியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் மாலை நடை ரத்து.

செந்நாய்

அனுமதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் விதிகள் இறுகிவிட்டன. கோடையில் தீப்பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு வந்தது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். டாப்சிலிப்புக்கு ஏறும் வழியிலுள்ள சேத்துமடை சோதனைச்சாவடி இரவில் மூடியிருக்கும். விடியற்காலை நடை வேண்டுமென்றால் முந்தின நாளே மேலே தங்க இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பகல் பதினொன்றுக்கு வந்து இறங்கி "ஒன்றுமே இல்லையே" என்பவர்களுக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

கிளம்புமுன் வழிகாட்டியிடம் மூன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: நில், உட்கார், பின்வாங்கு என்பதற்கு எந்தெந்தக் கைச்சைகை, யானை வந்தால் எல்லோரும் எந்தப் பக்கம் ஒதுங்குவது, வரிசையில் கடைசியாக யார். கடைசி ஆள் காட்டுக்குப் பழகியவராக இருக்க வேண்டும், படம் எடுக்க நின்று நின்று பின்தங்குகிறவரை அந்த இடத்தில் விடாதீர்கள்.