கடற்சாமந்தியும் கலைச்செல்வியின் புதுமனையும்

யாழினி, காலை 6:42
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் கடற்சாமந்தி (பூவைப் போலத் தோன்றும் கடல் உயிர், sea anemone), நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகு இரண்டாகப் பிரிந்துவிட்டது. காலையில் நாங்கள் கண்டதை அப்படியே படம் எடுத்து இங்கே அனுப்பியிருக்கிறேன்.

விசாலாட்சி பெரியம்மா, காலை 6:50
கிழிந்து தொங்குவது போலல்லவா இருக்கிறது? அதற்கு உயிர் இருக்கிறதா, கண்ணு? வீட்டில் நல்ல காரியம் வரப்போகும் நேரத்தில் செத்ததைத் தொட்டிக்குள் வைத்திருக்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்.

செந்தில்குமார், காலை 7:05
பெரியம்மா, இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன, கவலைப்பட வேண்டாம். இது பபுள் டிப் என்று மீன் வளர்ப்போர் சொல்லும் வகை. இது இனம் பெருக்கும் வழிகளில் ஒன்று இப்படிப் பிரிவதுதான். அடிப்பாதத்தின் ஒரு பாதி கல்லின் ஒரு பக்கமும் மறு பாதி எதிர்ப்பக்கமும் மெல்ல நகர, நடுவில் உடல் மெலிந்து நீண்டு, கடைசியில் வாய்வழியே அறுந்து இரண்டாகிறது. படத்தில் கிழிசலாகத் தெரிவது அறுந்த விளிம்புதான். அந்த விளிம்பு இப்போதே உள்நோக்கிச் சுருண்டு ஒட்டத் தொடங்கியிருக்கிறது. ஓரிரு வாரங்களில் இரண்டுக்கும் முழுமையான வாய் அமைந்துவிடும். செத்ததாக இருந்தால் உடல் கூழாகி, தண்ணீர் கலங்கி, அழுகிய நாற்றம் வீடு முழுக்க வந்திருக்கும். அப்போது நானே உடனே எடுத்து எறிந்திருப்பேன், ஏனென்றால் ஒன்று அழுகினால் தொட்டியில் உள்ள மீன்களையும் அது கொன்றுவிடும்.

முருகேசன் மாமா, காலை 7:11
நம் மாந்தோப்பைப் பாகம் பிரிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இது ஒரே இரவில், வக்கீலும் இல்லாமல், சர்வேயரும் இல்லாமல் பிரித்துக்கொண்டதே!

கலைச்செல்வி, காலை 7:14
அண்ணா, அப்படியானால் ஒன்று எனக்குத்தான். ஆவணியில் எங்கள் புதுமனை புகுவிழா அன்று நீங்கள் அதைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்க வேண்டும். தொட்டி வாங்கிவிடலாம் என்று உங்கள் மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார்.

பிரபு, காலை 7:15
மச்சான், நான் யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

செந்தில்குமார், காலை 7:32
கலை, உனக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆவணியில் முடியாது. காரணத்தைக் கேட்டுவிட்டு வருத்தப்படு. புதிதாக நிரப்பிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களிலும் மணலிலும் குடியேறவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பிறகு மீன் விடலாம். கடற்சாமந்திக்கோ அது போதாது. உப்பு, காரத்தன்மை, வெப்பம் எல்லாம் மாதக்கணக்கில் ஏறாமல் இறங்காமல் நின்ற தொட்டிதான் அதற்கு வேண்டும். குறைந்தது ஆறு மாதம் பொறு என்பதே அனுபவமுள்ளவர்கள் சொல்வது. அதோடு, இப்போதுதான் பிரிந்த உயிர் இது. காயம் ஆறி, தன் பாதத்தால் கல்லை இறுகப் பற்றி, இறால் துண்டை வாங்கி விழுங்கும் வரை அதை நகர்த்துவது கொடுமை.

கலைச்செல்வி, காலை 7:36
மாந்தோப்பைப் பிரித்தபோதும் "பொறு கலை" என்றுதான் சொன்னீர்கள். பொறுத்தேன், கிணறு இல்லாத பக்கம்தான் எனக்கு வந்தது.

தமிழரசி, காலை 7:40
கலை, காலை நேரத்தில் அது வேண்டாமே. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

விசாலாட்சி பெரியம்மா, காலை 7:44
அவள் கேட்பதில் என்ன தவறு? வெறும் கையோடு புதுவீட்டுக்குப் போக முடியுமா? அம்மாவின் செப்புக் குடம் பரணில் இருக்கிறது. அதை விளக்கி, அதில் தண்ணீர் நிரப்பி, அந்தச் சாமந்தியை விட்டு மங்கலமாக எடுத்துப் போகலாம்.

செந்தில்குமார், காலை 7:58
பெரியம்மா, அந்தக் குடம் மட்டும் வேண்டவே வேண்டாம். செம்பு நமக்கு நல்லது. ஆனால் முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு அது கொடிய நஞ்சு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருப்பதால், அந்த மருந்தைக் கடற்சாமந்தி இருக்கும் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். கலை, நீயும் மனத்தில் வை: உன் தொட்டிக்குப் போகும் குழாயிலோ வால்விலோ செம்பும் பித்தளையும் இருக்கக் கூடாது. பிளம்பரிடம் இப்போதே சொல்லிவிடு.

முருகேசன் மாமா, காலை 8:10
நம் ஊர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம், பல்லே காவியேறுகிறது. இந்தத் தண்ணீரில் கடல் உயிர் எப்படிப் பிழைக்கிறது? அடுத்த வாரம் நான் ராமேசுவரம் போகிறேன். நாலு கேனில் கடல் தண்ணீர் பிடித்து வருகிறேன். அங்கே பாறை இடுக்கில் இந்தச் சாமந்தியும் நிறைய இருக்கும். கலைக்கு ஒன்றைப் பெயர்த்து வந்தால் சண்டையே தீர்ந்தது.

செந்தில்குமார், காலை 8:31
மாமா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் தயவுசெய்து எதையும் பெயர்த்து வர வேண்டாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிரினத்தை எடுப்பது குற்றம். பவளக் கல்லோ, பொடிப் பவளமோ கூட வேண்டாம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், பாறையிலிருந்து பிடுங்கும்போது பாதம் கிழிந்தால் அது பெரும்பாலும் பிழைப்பதே இல்லை. கடலில் உள்ளதைத் தொடாமல், ஒரு வீட்டில் பிரிந்ததை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துப் பெருக்குவதுதான் இந்த வளர்ப்பில் எனக்கு நியாயமாகப் படுகிறது. மீனுக்கும் அதே நியாயம்தான்: கடலில் கடற்சாமந்தியோடு சேர்ந்து வாழும் கோமாளி மீன்களை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் பொரிப்பகத்திலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள், அப்படி வளர்க்கப்பட்ட மீனையே கேட்டு வாங்க வேண்டும்.

புளோரைடு பற்றி: கடல் நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் புளோரைடு இயல்பாக இருக்கிறது, ஆகவே நம் போர்த் தண்ணீரில் இந்த உயிருக்கு முதல் சிக்கல் அது அல்ல. அந்தத் தண்ணீரின் கடினத்தன்மையும், நைட்ரேட்டும், பாசியை வளர்க்கும் சிலிகேட்டும்தான் சிக்கல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் நமக்குப் புளோரைடு தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் அதிலும் குளோரின் கலந்திருப்பதால் நேரே ஊற்ற முடியாது. ஆர்ஓ தண்ணீரில், மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற அளவில் கரைத்து, அடர்த்தி 1.025 அல்லது 1.026 வரும் வரை பார்த்துத்தான் விடுகிறேன். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல் நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் இல்லை.

தமிழரசி, காலை 8:35
அந்த ஆர்ஓ கழித்துத் தள்ளும் தண்ணீரைப் பிடித்து நான் பாத்திரம் கழுவுகிறேன் என்பதையும் எழுதுங்கள்.

செந்தில்குமார், காலை 8:37
உண்மை. அவள் இல்லாவிட்டால் இந்தத் தொட்டி இல்லை.

பிரபு, காலை 8:46
மச்சான், செலவு என்ன ஆகும் என்பதைவிட, கோடையில் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. கிருஷ்ணகிரியில் சித்திரை மாதம் மொட்டை மாடி வீட்டுக்குள் நிற்கவே முடியாது.

செந்தில்குமார், காலை 9:02
நல்ல கேள்வி, மாப்பிள்ளை. தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போய் அங்கேயே நின்றால், கடற்சாமந்தியின் திசுவுக்குள் குடியிருந்து ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகளை அது வெளியேற்றிவிடும். உடல் வெளுத்துப் போகும். வெளுத்த கடற்சாமந்தி அழகாக வெள்ளை வெளேர் என்று இருக்கும், கடைக்காரரும் அதைப் புது நிறம் என்று விற்பார். உண்மையில் அது பட்டினி கிடக்கும் உயிர். மேற்பரப்பில் விசிறி வைத்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். எங்கள் வீட்டில் பங்குனி, சித்திரையில் அதுவும் போதாமல் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது என்பதால், உப்பு நீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: கடற்சாமந்தி இடம்விட்டு இடம் நகரும். பிடிக்காத இடத்தில் வைத்தால் பாதத்தை விடுவித்துக்கொண்டு அலையும். அப்படி அலையும்போது நீரோட்ட மோட்டாரின் வாயில் சிக்கினால் அரைபட்டுப் போகும். மோட்டார் வாய்களுக்கு வலையோ பஞ்சோ கட்டாமல் இதை விடவே கூடாது.

விசாலாட்சி பெரியம்மா, காலை 9:10
இவ்வளவு பாடுபட்டு வளர்க்கிறாயே, இது எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

செந்தில்குமார், காலை 9:21
நன்றாகப் பார்த்துக்கொண்டால் நம்மைவிட அதிக நாள் கூட இருக்கலாம், பெரியம்மா. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சர் ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்த ஒரு கடற்சாமந்தி, அவர் 1851-இல் இறந்த பிறகும் மற்றவர்கள் கைமாறிக் கைமாறிப் பார்த்துக்கொண்டதால் 1887 வரை எடின்பரோவில் உயிரோடு இருந்தது. அது வேறு வகை, குளிர்ந்த கடலுக்கு உரியது. ஆனாலும் கலைக்கு நான் சொல்ல வருவது இதுதான்: விழா அன்று சுவரில் மாட்டும் பொருளாக இதை நினைக்காதே, யாழினியின் பிள்ளைகள் காலம் வரைக்கும் கவனிக்க வேண்டிய ஓர் உயிரை உன் கையில் தருகிறேன்.

யாழினி, காலை 9:24
அப்பா, எனக்கு இன்னும் இரண்டாம் ஆண்டுத் தேர்வே முடியவில்லை.

கலைச்செல்வி, காலை 9:33
சரி அண்ணா, ஆறு மாதம் என்றால் மாசியா, பங்குனியா? பங்குனியில் வெயில் தொடங்கிவிடும். தை என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் விழா அன்று வருபவர்கள் பார்க்க வெறும் தண்ணீர்த் தொட்டியா இருக்கும்?

செந்தில்குமார், காலை 9:47
இப்போதே, ஆடியிலேயே, நீ கல்லும் மணலும் போட்டுத் தண்ணீர் நிரப்பித் தொடங்கினால், ஆவணிக் கடைசியில் ஒரு சோடி கோமாளி மீன் விடலாம்; கடற்சாமந்தி இல்லாமலே தொட்டியில் அவை நலமாக வாழும். தையில் தண்ணீரைச் சோதித்து, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் நின்றால், நானே காரில் கொண்டு வருகிறேன். ஒட்டியிருக்கும் சிறு கல்லோடு சேர்த்தே எடுப்பேன். பாதத்தைச் சுரண்ட மாட்டேன். இங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு மணி நேரப் பயணம்தான் என்பதால் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியிலேயே வந்துவிடும்.

விசாலாட்சி பெரியம்மா, காலை 9:52
தொட்டியை ஈசான்ய மூலையில் வையுங்கள்.

பிரபு, காலை 9:54
அத்தை, ஈசான்ய மூலையில் பூஜை அறை வருகிறது.

செந்தில்குமார், காலை 10:03
மூலை எதுவானாலும் சன்னல் வெயில் நேரே படக் கூடாது. பட்டால் பாசியும் சூடும் ஏறும். 200 லிட்டர் தொட்டி கல், மணல், தாங்கியோடு சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும். அதனால் தளம் மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் இன்வெர்ட்டர் இணைப்போடு குறைந்தது நான்கு பிளக் வேண்டும், அவை தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மின் வேலை முடிந்து சுவரைப் பூசிவிட்டார்களா?

கலைச்செல்வி, காலை 10:08
எலக்ட்ரீசியன் வெள்ளிக்கிழமை வருகிறார். கூடமா, மாடிப்படிக்குக் கீழேயா என்று இவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

முருகேசன் மாமா, காலை 10:12
அப்போது கேன் வேண்டாமா, வேண்டுமா?